வன்தட்டு தெரியவில்லையா? ‘ஃபார்மெட்’ செய்வதற்கு முன் இயக்கியைக் கவனியுங்கள்

கோலசிலாங்கூர் - விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கி வந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசசர் கொண்ட கணினிகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பெஸ்தாரி ஜெயா என எந்த ஊராக இருந்தாலும், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கணினியை வைத்திருக்கும் குடும்பத்திற்கு ‘இனி என்ன செய்வது’ என்ற கேள்வி வந்துவிட்டது.

புதுக் கணினி வாங்க எல்லாராலும் முடியாது. அதனால் பழைய கணினியில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, இயங்குதளத்தை மறுபடியும் போடுகிறார்கள். ஆலய அலுவலகத்தில் மூலையில் கிடந்த கணினியைத் தூசி தட்டிப் பயன்பாட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அப்போதுதான் அந்தச் செய்தி திரையில் வருகிறது: எந்த டிரைவும் கிடைக்கவில்லை. அல்லது நீலத்திரை வந்து, கணினி திரும்பத் திரும்பத் தானே அணைந்து எழுகிறது.

‘ஹார்ட் டிஸ்க் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். ‘ஃபார்மெட் பண்ணிப் பார்க்கலாம்’ என்பது அடுத்த யோசனை. ஆனால் வன்தட்டு நல்ல நிலையிலேயே இருந்து, அதோடு பேசத் தெரிந்த ஒரு சிறு மென்பொருள் மட்டும் இல்லாமல் போயிருக்கலாம். அதற்குப் பெயர் இயக்கி. கடைகளில் ‘டிரைவர்’ என்பார்கள். அதைச் சரியாகப் பொருத்தினால் கணினியும் எழும்பும், உள்ளே இருக்கும் இருபது ஆண்டுப் படங்களும் கணக்குகளும் தப்பிக்கும்.

துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில்

தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இயக்கியை விளங்கிக் கொள்வது எளிது. அந்தக் காலத்தில் துரை ஆங்கிலத்தில் பேசுவார். மரம் சீவுகிறவர்களுக்குத் தமிழ் தெரியும். நடுவில் கிராணியும் மண்டோரும் நின்று, துரையின் உத்தரவை வேலையாக மாற்றிக் கொடுப்பார்கள். மண்டோர் வராத நாளில் ஆள் இருந்தும் வேலை நடக்காது.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். விண்டோஸ்தான் துரை. வன்தட்டு வேலையாள். வன்தட்டின் கேபிள் போய்ச் சேரும் இடத்தில், தாய்ப்பலகையில் ‘கன்ட்ரோலர்’ என்ற ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லின் பேச்சை விண்டோசுக்குப் புரியவைக்கும் மண்டோரே சேமிப்பக இயக்கி.

பிரிண்டர் இயக்கி இல்லையென்றால் அச்சு மட்டும் வராது. மற்ற வேலைகள் நடக்கும். சேமிப்பக இயக்கி அப்படி அல்ல. விண்டோசே அந்த வன்தட்டில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாவிட்டால் விண்டோசால் எழும்பவே முடியாது. அதனால்தான் இந்த ஒரு சிறு கோப்பு குறைந்தாலும் கணினி முழுவதும் கெட்டுப்போனது போலத் தெரிகிறது.

பழைய கணினிக்கு ஏன் இந்தத் தொல்லை?

முன்பு வன்தட்டுகள் ஐடிஇ என்ற முறையில், நாற்பது ஊசி கொண்ட பட்டையான கேபிளில் இணைக்கப்பட்டன. 2003-இல் சாட்டா என்ற மெல்லிய கேபிள் முறை வந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்த ஏஎச்சிஐ என்ற பொது விதிமுறையை 2004-இல் இன்டெல் வெளியிட்டது.

ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். தனக்குப் பின் பிறந்த ஏஎச்சிஐ பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதற்காகவே எக்ஸ்பி போடும்போது தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பி வட்டில் இருந்து இயக்கியைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் ஏஎச்சிஐ இயக்கி உள்ளேயே வந்தது. விண்டோஸ் 7, 10 ஆகியவற்றிலும் அது உண்டு.

அப்படியானால் விண்டோஸ் 10-இலும் ஏன் வன்தட்டு தெரியாமல் போகிறது? பல கணினிகளில் ‘ரெய்டு’ என்ற மூன்றாவது முறை ஒன்று இருக்கிறது. பல வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துவதற்கான முறை அது. ஒரே வன்தட்டு உள்ள கணினிகள் சிலவும் தொழிற்சாலையிலிருந்து இந்த அமைப்போடு வருவதுண்டு. அதற்கு உரிய இயக்கி விண்டோஸ் நிறுவியில் இல்லாவிட்டால் பட்டியல் காலியாக இருக்கும்.

முதல் வேலை: படி எடுப்பது

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், வன்தட்டில் இருப்பவற்றுக்கு வேறொரு படி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் கடைசிப் படம், தீமிதித் திருவிழாக் காணொளி, பிறப்புப் பத்திரத்தின் ஸ்கேன் படி ஆகியவை அந்த ஒரே வன்தட்டில் மட்டும் இருந்தால், கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படி எடுப்பதே முதல் வேலை.

கணினி எழும்பாவிட்டாலும் படி எடுக்க வழி உண்டு. வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி மாற்றுக் கருவி ஒன்றின் வழியாக, நன்றாக வேலை செய்யும் வேறொரு கணினியில் செருகலாம். இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். மடிக்கணினியின் சிறிய 2.5 அங்குல சாட்டா வன்தட்டுக்கு யூஎஸ்பி மின்சாரம் பெரும்பாலும் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் தேவை. தனி மின் இணைப்பு உள்ள மாற்றுக் கருவியை வாங்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு வகை. பழைய ஐடிஇ வன்தட்டுக்கு சாட்டா கருவி பொருந்தாது. மேசைக் கணினியின் ஐடிஇ 40 ஊசி கொண்டது. மடிக்கணினியின் ஐடிஇ 44 ஊசி கொண்டது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். செருகியவுடன் ‘இந்த டிஸ்கை ஃபார்மெட் செய்ய வேண்டும்’ என்றோ ‘இனிஷியலைஸ் செய்ய வேண்டும்’ என்றோ விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’ அழுத்த வேண்டும். ஓகே அழுத்திவிட்டு வருந்துவதில் பயனில்லை.

வன்தட்டில் இருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அது இயக்கிக் கோளாறு அல்ல, இயந்திரப் பழுது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஓட ஓடச் சேதம் கூடும். அதைத் தரவு மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

பெரட்டில் பெயர் விழுந்ததா?

அடுத்து, பழுது எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கணினியை முடுக்கியவுடன் பயோஸ் அமைப்புக்குள் செல்ல வேண்டும். டெல், ஏசர் கணினிகளில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10, பல தாய்ப்பலகைகளில் டெலிட் விசை. முதல் திரையிலேயே எந்த விசை என்று சிறிய எழுத்தில் காட்டும்.

பயோஸ் என்பது காலைப் பெரட்டு போன்றது. வேலைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே பெயர் கூப்பிடப்படுகிறது. வன்தட்டின் பெயரும் அளவும் அங்கே தெரியாவிட்டால், இயக்கியைத் தேடுவது வீண் வேலை. கேபிள் தளர்ந்திருக்கலாம், மின் இணைப்பு விட்டிருக்கலாம், அந்த சாட்டா துளை அமைப்பில் அடைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வன்தட்டே பழுதாகியிருக்கலாம். முதலில் கேபிளை மாற்றி, வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். ஐடிஇ வன்தட்டாக இருந்தால், பின்புறம் உள்ள சிறு ‘ஜம்பர்’ மாஸ்டர் நிலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பயோசில் பெயர் தெரிகிறது, விண்டோஸ் நிறுவியில் மட்டும் தெரியவில்லை என்றால் ஆள் வந்திருக்கிறார், மண்டோர்தான் வரவில்லை. இயக்கியைத் தேட வேண்டியது அப்போதுதான்.

வெளியே வருவதற்கு முன், ‘சாட்டா மோட்’ அல்லது ‘சாட்டா ஆப்பரேஷன்’ என்ற இடத்தில் ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு ஆகியவற்றுள் எது தேர்வாகியுள்ளது என்று பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். பின்னால் ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம் உதவும்.

சரியான இயக்கியைக் கண்டுபிடிப்பது

கணினியின் அடியிலோ பின்புறத்திலோ மாடல் எண் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘சாட்டா’ பிரிவில் உள்ள இயக்கியைப் பதிவிறக்கம் செய்வதே பாதுகாப்பானது. ‘உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று மின்னும் விளம்பரங்களைத் தொடக்கூடாது.

மாடல் எண் அழிந்துபோயிருந்தால், விண்டோஸ் இன்னும் எழும்பும் கணினியில் வேறு வழி உண்டு. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் அல்லது ஐடிஇ கன்ட்ரோலர் வரிசையில் உள்ளதை வலது சொடுக்கு செய்து, ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட்வேர் ஐடி’ தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட எண் தெரியும். அதன் முதல் பகுதி சில்லைச் செய்தவரையும், இரண்டாம் பகுதி எந்தச் சில்லு என்பதையும் குறிக்கும். முதல் பகுதி 8086 என்றிருந்தால் இன்டெல். 1022 அல்லது 1002 என்றிருந்தால் ஏஎம்டி. 1978-இல் வெளிவந்த தனது புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே இன்டெல் இங்கும் அடையாளமாக வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் இருந்தால் கடைக்காரரும் ஊகம் இல்லாமல் சரியான இயக்கியை எடுக்க முடியும்.

பதிவிறக்கத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, 32 பிட், 64 பிட் வேறுபாடு. நிறுவப் போகும் விண்டோஸ் எதுவோ, இயக்கியும் அதுவாகவே இருக்க வேண்டும். மற்றொன்று, கோப்பின் வகை. இருமுறை சொடுக்கினால் ஓடும் நிறுவிக் கோப்பு, விண்டோஸ் போடும் நேரத்தில் பயன்படாது. அப்போது தேவைப்படுவது ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ் என முடியும் தனித்தனிக் கோப்புகள். ‘எஃப்6’ என்ற பெயரில் சுருக்கப்பட்டிருக்கும் தொகுப்பு இதுதான். ஃபிளாப்பி மறைந்துவிட்டாலும் அந்த விசையின் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. தொகுப்பை விரித்து, ஒரு விரலியில் போட்டு வைக்க வேண்டும்.

புதிய பதிப்புதான் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. இன்டெல்லின் புதிய சேமிப்பக இயக்கிகள் பழைய சில்லுகளை ஏற்காமல் நின்றுவிடும். பழைய கணினிக்கு அதன் காலத்து இயக்கியே பொருந்தும்.

புதிதாக விண்டோஸ் போடும்போது

‘விண்டோசை எங்கே நிறுவ விரும்புகிறீர்கள்’ என்று கேட்கும் பக்கத்தில் பட்டியல் காலியாக இருந்தால், அங்கேயே ‘லோட் டிரைவர்’ என்ற பொத்தான் இருக்கும். விரலியைச் செருகி, அந்தப் பொத்தானை அழுத்தி, ‘பிரவுஸ்’ வழியாக விரித்து வைத்த கோப்புறையைக் காட்ட வேண்டும். பொருந்தும் இயக்கியின் பெயர் வரும். அதைத் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் சில நொடிகளில் வன்தட்டு பட்டியலில் தோன்றும்.

விண்டோஸ் 7 போடுகிறவர்கள் விரலியை யூஎஸ்பி 2.0 துளையில் செருக வேண்டும். விண்டோஸ் 7 நிறுவிக்கு யூஎஸ்பி 3.0 தெரியாது. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் துளையை விட்டு, கறுப்பு நிறத் துளையைப் பயன்படுத்தலாம்.

ரெய்டு முறையில் இருந்தும் உள்ளே ஒரே ஒரு புது எஸ்எஸ்டி மட்டும்தான் என்றால் இன்னொரு எளிய வழி உண்டு. பயோசில் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டால், விண்டோஸ் 7, 10 இரண்டும் தனி இயக்கி கேட்காமலே அதைக் கண்டுகொள்ளும். ஆனால் இரண்டு மூன்று பழைய வன்தட்டுகள் சேர்ந்து ரெய்டாக ஓடிய கணினியில் இதைச் செய்யக் கூடாது. சேர்ந்திருந்தவை தனித்தனியாகிவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் போகலாம்.

பட்டியலில் இரண்டு வன்தட்டுகள் தெரிந்தால் அளவைப் பார்த்து எது புதியது என்று உறுதி செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் பழையதின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவலாம். இணைப்பில் இல்லாத வன்தட்டைத் தவறியும் யாரும் அழிக்க முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோசில் மாற்றும்போது

ஐடிஇ முறையில் நிறுவிய விண்டோசை அப்படியே வைத்துக்கொண்டு, பயோசில் மட்டும் ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. மறுநொடி நீலத்திரை வரும். பழைய விண்டோசில் 7பி என்று முடியும் எண்ணும், விண்டோஸ் 10-இல் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற சொற்களும் தெரியும். பயப்பட வேண்டியதில்லை. பயோசில் பழைய முறைக்கே திரும்பினால் கணினி பெரும்பாலும் முன்போலவே எழும்பும். இங்கேதான் கைப்பேசியில் எடுத்த படம் கைகொடுக்கும்.

விண்டோஸ் 10-இல் சரியான வரிசை இதுதான். ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து ‘பூட்’ பக்கத்தில் ‘சேஃப் பூட்’ குறியிட வேண்டும். கணினியை மறுபடி முடுக்கி, நேராக பயோசுக்குள் சென்று ஏஎச்சிஐ தேர்ந்து சேமிக்க வேண்டும். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் எழும்பும்போது தேவையான இயக்கியைத் தானே சேர்த்துக்கொள்ளும். பிறகு ‘சேஃப் பூட்’ குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல் முடுக்கலாம். பாதுகாப்பு நிலையில் நான்கு இலக்கப் பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், முழுக் கடவுச்சொல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ‘பிட்லாக்கர்’ பூட்டு உள்ள கணினியாக இருந்தால் அதன் மீட்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 7-இல் ‘ரெஜிஸ்ட்ரி’ திறந்து, சர்வீசஸ் பகுதியில் ‘எம்எஸ்ஏஎச்சிஐ’ என்ற பதிவின் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 0 என்று மாற்றிய பிறகே பயோசைத் தொட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்பி கணினியும் கூடுதல் அட்டையும்

பழைய கணக்கு மென்பொருளுக்காகவோ எழுத்துருக்களுக்காகவோ எக்ஸ்பி கணினியை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் எஃப்6 போராட்டம் வேண்டாம் என்றால், பயோசில் ஐடிஇ அல்லது ‘கம்பேட்டிபிள்’ முறையைத் தேர்ந்து நிறுவலாம். வேகம் கொஞ்சம் குறையும், வேலை நடக்கும். முதல் எக்ஸ்பி வெளியீடு 137 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை முழுமையாகக் காணாது. சர்வீஸ் பேக் 1-இல்தான் அது சரியானது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலேயே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஐடிஇ மட்டுமே உள்ள பழைய மேசைக் கணினியில் சாட்டா வன்தட்டைச் சேர்க்க, பிசிஐ துளையில் பொருத்தும் சாட்டா அட்டைகள் கிடைக்கின்றன. பொருத்தி முடுக்கியதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரியும். ‘அப்டேட் டிரைவர்’ வழியாக அட்டையோடு வந்த இயக்கிக் கோப்புறையைக் காட்டினால் குறி மறையும். அதன் பிறகு ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ சென்று, புதிய வன்தட்டை மட்டும் ஃபார்மெட் செய்ய வேண்டும்.

எந்த இயக்கியும் தேடாமல் வன்தட்டின் நிலையை அறிய லினக்ஸ் உதவும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை விரலியில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்கு இயக்கி அதன் உள்ளேயே இருக்கிறது. விண்டோசில் தெரியாத வன்தட்டு அங்கே திறந்துகொண்டால், படங்களை வெளி வன்தட்டுக்குப் படியெடுத்துவிடலாம். தட்டச்சும் இணையமும் போதும் என்பவர்கள் பழைய கணினியில் லினக்சையே வைத்துக்கொள்ளவும் முடியும். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு கவனம்

வன்தட்டு திறந்துவிட்டது என்று நிம்மதி அடைவதற்குள் இன்னொன்று காத்திருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ்த் தட்டச்சு பலவகை எழுத்துருக்களில் நடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகத் தட்டச்சுச் செய்தவர்கள் இங்கே ஏராளம். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் எழுதிய அழைப்பிதழும் கூட்டக் குறிப்பும் புதுக் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடக் கூடாது. பழைய விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்துப் படியெடுத்தால், அந்த எழுத்துருவைக் கொண்டு மறுபடியும் படிக்கலாம். பிறகு மாற்றி மென்பொருள் வழியாக யூனிகோடுக்குக் கொண்டு வரலாம்.

கடையில் கொடுக்கும்போது

இவற்றையெல்லாம் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. கடையில் கொடுக்கிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். பயோசில் வன்தட்டு தெரிகிறதா? சாட்டா முறையும் இயக்கியும் பார்க்கப்பட்டனவா? ஃபார்மெட் செய்வதற்கு முன் உள்ளே இருப்பது எங்கே படியெடுக்கப்பட்டது? இதற்குத் தெளிவான பதில் வரும்வரை ஃபார்மெட் செய்யச் சம்மதிக்கத் தேவையில்லை. வன்தட்டை மாற்றிவிட்டார்கள் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் பொருத்திய இயக்கித் தொகுப்பு, மாடல் எண், பயோஸ் படம் ஆகிய மூன்றையும் ஒரு விரலியில் போட்டு, கணினியின் பெயரை எழுதி ஒட்டி வைக்கலாம். ஆலய நிர்வாகம் மாறினாலும், பிள்ளைகள் வேலைக்காகக் கிள்ளான், ஷா ஆலம் என்று போய்விட்டாலும், அடுத்து அந்தக் கணினியைத் திறப்பவர் அதை வைத்தே வேலையைத் தொடங்கிவிடலாம்.